மதுரைக் குரலும் திருமலை வைகறையும்

பிச்சாட்டூரில் பேருந்துகள் நிற்கும் இடத்துக்கு அருகே என் தந்தையார் ஒரு டீக்கடை நடத்துகிறார். ஊத்துக்கோட்டை வழியாகச் சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் சாலை அது. புரட்டாசி மாதம் வந்தால் மஞ்சள் ஆடை உடுத்த தமிழ்நாட்டு யாத்திரிகர்கள் கூட்டம் கூட்டமாக அவ்வழியே நடந்து போவார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு என் தந்தையார் அடுப்பு மூட்டுவார். பால் காய்வதற்கு முன்பே வேங்கடேச சுப்ரபாதத்தை ஒலிக்கவிடுவார். நான் சிறுவனாக இருந்த காலத்தில் அது குறுந்தகட்டில் ஒலித்தது. இன்று கைப்பேசியில் ஒலிக்கிறது. குரல் மட்டும் மாறவில்லை.

செங்கற்பட்டுப் பக்கத்திலிருந்து பிழைப்பை நாடி நாங்கள் அவ்வூருக்குக் குடிபெயர்ந்தபோது எனக்கு வயது ஆறு. பிச்சாட்டூர் அப்போது சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 2022-ல் புதிதாக அமைந்த திருப்பதி மாவட்டத்தில் அது சேர்க்கப்பட்டது. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு என்பது என் நிலை. தெலுங்குப் பாடத்தை நான் உரக்கப் படித்தால் வகுப்பே சிரிக்கும். தமிழில் ஒரே ஒரு 'க' இருக்கிறது. தெலுங்கிலோ நான்கு, நான்குக்கும் நான்கு ஒலி. என் நாவில் நான்கும் ஒன்றாகவே வரும். பல நாள் வாய் திறக்காமலே இருந்திருக்கிறேன்.

எங்கள் தெலுங்கு ஆசிரியர் நல்லவர். ஒரு நாள் என்னைத் தனியே அழைத்து, உன் தந்தை கடையில் தினமும் ஒலிக்கும் சுப்ரபாதத்தைக் கவனித்துக் கேள், வல்லெழுத்து எப்படி ஒலிக்கவேண்டும் என்பது விளங்கும் என்றார். அதைப் பாடியவர் யார் என்று தெரியுமா என்றும் கேட்டார். எனக்குத் தெரியாது. கோயிலில் யாரோ ஒரு தெலுங்கு அம்மாள் பாடுகிறார் என்றே எண்ணியிருந்தேன். அவர் மதுரையில் பிறந்த தமிழ்ப் பெண்மணி என்று ஆசிரியர் சொன்னபோது நான் அடைந்த வியப்பை இன்றும் மறக்க முடியவில்லை. அன்று முதல் அந்தக் குரலுக்கு உரியவரைப் பற்றி அறிந்துகொள்ளத் தொடங்கினேன். நான் நடை பழகிய வயதிலேயே அவர் மறைந்துவிட்டார். அவர் வாழ்வில் இசைத்தட்டுகள் பெற்ற இடத்தையே இங்கே முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். அவர் கச்சேரியை நேரில் கேட்கும் பேறு நம் தலைமுறைக்கு இல்லை. நமக்குக் கிடைத்தவை தட்டுகளே.

எம். எஸ். சுப்புலட்சுமி 1916-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் மதுரையில் பிறந்தார். பெயருக்கு முன் நிற்கும் இரண்டு எழுத்துகளும் தந்தையின் பெயரைக் குறிப்பன அல்ல. 'எம்' என்பது மதுரை. 'எஸ்' என்பது சண்முகவடிவு. சண்முகவடிவு அவருடைய அன்னையார்; பெயர் பெற்ற வீணைக் கலைஞர். பாட்டியார் அக்கம்மாள் வயலின் வாசித்தவர். தேவதாசி மரபில் வந்த இசைக்குடும்பம் அது. அத்தகைய வீடுகளில் இசைதான் கல்வி, இசைதான் சொத்து. ஊரார் அவர்கள் இசையை நாடுவார்கள். அவர்களைச் சமமாக மதிக்கத் தயங்குவார்கள். இந்த முரண்பாட்டின் நடுவே அந்தப் பெண் வளர்ந்தார். பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றுவிட்டது. தம்பூராவின் சுருதியோடு தம் குரலை மணிக்கணக்கில் இழைத்துப் பழகுவதே அவருக்குப் பாடமாயிற்று.

பத்து வயதில், 1926-ல், அவருடைய முதல் இசைத்தட்டு பதிவாயிற்று. அன்னையார் வீணை வாசிக்க மகள் பாடினார். அந்தக் காலத்து இசைத்தட்டைப் பற்றி ஒரு பௌதிக மாணவன் என்ற முறையில் சில சொற்கள் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். அது அரக்கினால் ஆனது. மரங்களில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் அதே அரக்குதான். நிமிடத்துக்கு 78 முறை சுழலும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். ஒரு ராகத்தை அரை மணி நேரம் விரித்துப் பாடுகின்ற மரபில் வந்தவர்கள் அதை மூன்று நிமிடத்துக்குள் சுருக்க வேண்டியிருந்தது. சுருக்கினால் சுவை போய்விடும் என்று பெரிய வித்துவான்கள் சிலர் தயங்கினர். அந்தத் தயக்கம் இல்லாமல் ஒலிப்பதிவுக்கு முன்வந்தவர்களில் பெண்கள் பலர் இருந்தனர். கச்சேரி மேடை ஆண்களுக்கே உரியதாக இருந்த காலத்தில், பெண் குரல் ஊர்தோறும் சென்று சேர்வதற்கு இசைத்தட்டு ஒரு வாயிலைத் திறந்துவிட்டது. சிறுமி சுப்புலட்சுமியும் அந்த வாயில் வழியாகவே வெளியுலகுக்கு முதலில் அறிமுகமானார்.

பதினாறு பதினேழு வயதில் சென்னை மேடைகளில் பாடிப் புகழ் பெற்றார். 1936-ல் மதுரையை விட்டுச் சென்னைக்கே வந்துவிட்டார். தம் வாழ்வை அன்னையார் அமைக்க இருந்த வழியில் செல்ல மனம் ஒப்பாமல் வீட்டைத் துறந்து வந்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கூறுவர். இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பெண் அக்காலத்தில் எடுத்த அந்த முடிவு எளிதானதன்று. சென்னையில் தியாகராஜ சதாசிவம் என்ற தேசபக்தரைச் சந்தித்தார். 1940-ல் திருநீர்மலையில் இருவருக்கும் திருமணம் நடந்தது.

இடையே திரைப்படங்களும் வந்தன. 1938-ல் கே. சுப்பிரமணியம் இயக்கிய சேவாசதனம் வெளிவந்தது. 1940-ல் சகுந்தலை வந்தது; அதில் ஜி. என். பாலசுப்பிரமணியம் துஷ்யந்தனாக நடித்தார். 1941-ல் வெளியான சாவித்திரியில் சுப்புலட்சுமி அம்மையார் ஏற்றது நாரதர் வேடம். பெண்ணாகிய அவர் ஆண் வேடம் தாங்கியதற்குக் காரணம் இருந்தது. சதாசிவமும் எழுத்தாளர் கல்கி கிருஷ்ணமூர்த்தியும் ஒரு வார இதழ் தொடங்க விரும்பினர்; அதற்கு முதல் வேண்டும். அம்மையார் நாரதராக நடித்துப் பெற்ற பணம் கல்கி இதழுக்கு முதலாயிற்று. தமிழில் பொன்னியின் செல்வனைத் தொடராகப் படித்துக் களித்தவர்கள், அந்த இதழின் அடித்தளத்தில் ஒரு பாடகியின் உழைப்பு கிடக்கிறது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

1945-ல் மீரா வந்தது. 1947-ல் இந்தியிலும் வெளியாயிற்று. தமிழ்ப் படத்தின் பாடல்கள் இசைத்தட்டுகளாகி வீதிதோறும் ஒலித்தன. இந்திப் படத்தால் வடநாடு முழுவதும் அவரை அறிந்தது. அந்தப் புகழின் உச்சியில் அவர் திரைப்படத்தை விட்டு விலகினார். மீண்டும் நடிக்கவே இல்லை.

அதே ஆண்டுகளில் தமிழிசை இயக்கம் எழுந்தது. தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. 1943-ல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. கல்கியின் எழுத்து அந்த இயக்கத்துக்குத் துணை நின்றது. அம்மையாரின் குரலும் துணை நின்றது. இதை நம் சங்கத்து நண்பர்கள் கவனிக்கவேண்டும். தமிழ்ப் பாட்டுக்காக நின்ற அதே குரல்தான் பின்னாளில் வடமொழியையும் தெலுங்கையும் கன்னடத்தையும் மலையாளத்தையும் இந்தியையும் அந்தந்த மொழியார் குறை சொல்லாதபடி பாடிற்று. தாய்மொழிப் பற்றும் பிறமொழி மதிப்பும் ஒரே நெஞ்சில் இடம் பெற முடியும் என்பதற்கு இதைக் காட்டிலும் சான்று வேண்டுமா?

1947-ல் காந்தியடிகளின் பிறந்த நாளை ஒட்டி, மீரா பாடிய பஜன் ஒன்றை அம்மையார் பாடிக் கேட்க அவர் விரும்புவதாகச் செய்தி வந்தது. அந்தப் பாட்டு தமக்குப் பழக்கமில்லை என்று அம்மையார் தயங்கினார். பிறர் பாடுவதைவிட அவர் வெறுமனே சொன்னாலும் போதும் என்று மறுபடியும் செய்தி வந்ததாகச் சொல்வர். ஓர் இரவுக்குள் அதைக் கற்று, சென்னையில் பதிவு செய்து, விமானத்தில் அனுப்பினார்கள். 1948 ஜனவரியில் காந்தியடிகள் மறைந்த செய்தியைத் தொடர்ந்து வானொலி அந்தப் பதிவையே ஒலிபரப்பியது. அதைக் கேட்ட அம்மையார் நினைவிழந்து சாய்ந்தார் என்பார்கள். பாடியவர் தம் குரலையே ஒரு மரணச் செய்தியோடு கேட்க நேர்வது கொடுமையானது. குரலைப் பதிந்து வைத்துவிட்டால், அது எப்போது எந்த இடத்தில் எதற்காக ஒலிக்கும் என்பது பாடியவர் கையில் இல்லை.

இனித் திருமலைக்கு வருவோம். வேங்கடேச சுப்ரபாதம் பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மணவாள மாமுனிகளின் சீடராகிய பிரதிவாதி பயங்கரம் அண்ணன் இயற்றியது. அவர் காஞ்சிபுரத்தைச் சேர்ந்தவர். சுப்ரபாதம், தோத்திரம், பிரபத்தி, மங்களாசாசனம் என அது நான்கு பகுதிகளாக அமைந்தது. திருமலையில் வைகறைக்கு முன்பே கோயில் திறக்கும்போது அது ஓதப்படுகிறது. ஓதுவோர் நேரிலேயே ஓதுகின்றனர். என் இளவயதில் நான் நினைத்ததுபோல அங்கே தட்டு ஒலிப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. மார்கழி மாதத்தில் மட்டும் சுப்ரபாதத்துக்குப் பதிலாக ஆண்டாளின் திருப்பாவை ஓதப்படுகிறது. ஆந்திர நாட்டு மலைமேல் ஒரு மாதம் முழுவதும் வைகறை தமிழில் விடிகிறது!

ஆகவே அம்மையாரின் சுப்ரபாதம் இறைவனை எழுப்பிய சுப்ரபாதமன்று. மக்களை எழுப்பிய சுப்ரபாதம். அந்த இசைத்தட்டு 1963-ல் வெளிவந்தது. அப்போதுதான் அது இயன்றது என்பதற்குப் பௌதிகக் காரணம் ஒன்று இருக்கிறது. நான்கு பகுதிகளும் பாடி முடிய ஏறத்தாழ இருபது நிமிடம் ஆகும். பழைய அரக்குத் தட்டில் பதிந்திருந்தால் ஆறு ஏழு பக்கங்கள் வேண்டும். அதாவது நான்கு தட்டுகள். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து தட்டைத் திருப்பவேண்டும். நீண்டநேரத் தட்டு என்னும் எல். பி. தட்டோ நிமிடத்துக்கு 33⅓ சுற்றே சுழலும். அரக்குக்குப் பதில் வினைல் என்னும் மெல்லிய பொருளால் ஆனதால் அதில் வரிப்பள்ளங்களை மிக நெருக்கமாக வெட்ட முடிந்தது. வேகம் பாதிக்கும் கீழே இறங்கிற்று. வரிகள் இரு மடங்குக்கு மேல் நெருங்கின. விளைவாக இருபது நிமிடத்துக்கு மேற்பட்ட பாட்டு ஒரே பக்கத்தில் அடங்கிற்று. முள்ளை ஒரு முறை வைத்தால் போதும். கோலம் போடலாம், பால் காய்ச்சலாம், பாட்டு தானே நடந்துகொண்டிருக்கும். காலை வழிபாடு இசைத்தட்டில் ஏறியதற்கு இந்த வசதியும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

ஆனால் வசதி மட்டும் போதுமா? அதே வசதியைப் பெற்ற எத்தனையோ தட்டுகள் மறைந்தன. இந்தத் தட்டு நிலைத்ததற்குக் காரணம் அம்மையார் எழுத்துக்குக் கொடுத்த மதிப்பு. தமிழ் நாவுக்கு வடமொழியின் நால்வகை வல்லெழுத்துகள் எளிதில் வாரா. அதை நான் வகுப்பறையில் வெட்கப்பட்டு அறிந்தவன். அம்மையார் வல்லாரிடம் உச்சரிப்பைக் கேட்டு, ஒவ்வோர் எழுத்தாகத் திருத்திப் பழகிய பிறகே பாடினார். அந்தப் பாட்டில் வித்தை காட்டும் சங்கதிகள் இல்லை. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே விளங்க, ஒரே நிதானத்தில் செல்லும். கூர்ந்து கேட்டால் அதில் இரண்டு குரல்கள் இருப்பதும் தெரியும். சதாசிவத்தின் மகள் ராதா விசுவநாதன் உடன் பாடியிருக்கிறார். பல ஆண்டுகள் கேட்டும் அதை ஒரே குரல் என்று நம்பியிருந்தவன் நான். இரு குரல்களின் சுருதி அத்துணை இணைந்து நிற்கிறது.

அந்தத் தட்டின் உரிமைத் தொகையை அம்மையார் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. திருமலை திருப்பதி தேவஸ்தானத்துக்கே அளித்துவிட்டார். 1944-ல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காகக் கச்சேரிகள் செய்த நாள்தொட்டு அவர் வாழ்வில் இது வழக்கமாகிவிட்டது. மருத்துவமனை, பள்ளி, கோயில், அநாதை இல்லம் என்று எத்தனையோ அறங்களுக்கு அவருடைய கச்சேரி வருவாயும் தட்டு வருவாயும் சென்றன.

அதற்குப் பின் வந்த பெருமைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1963-ல் எடின்பரோ இசை விழாவில் பாடினார். 1966 அக்டோபரில் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபை மண்டபத்தில் பாடினார். காஞ்சிப் பெரியவர் உலக நட்பை வேண்டி வடமொழியில் இயற்றிய பாடலும், ராஜாஜி ஆங்கிலத்தில் இயற்றிய பாடலும் அங்கே ஒலித்தன. 1968-ல் சென்னை சங்கீத வித்வத் சபை சங்கீத கலாநிதி விருதை அவருக்கு அளித்தது. அதைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. 1974-ல் மக்சேசே விருது வந்தது.

புகழ் இவ்வாறு பெருகிய அதே எழுபதுகளின் பிற்பகுதியில் வீட்டில் நெருக்கடி தொடங்கியது. பத்திரிகைத் தொழிலில் ஏற்பட்ட இடர்களால் சதாசிவம் தம்பதியர் தாம் வாழ்ந்த கல்கி தோட்டத்து வீட்டை விற்றுச் சிறிய வீட்டுக்குக் குடிபெயர்ந்தனர். பிறருக்காகப் பல இலட்சம் திரட்டிக் கொடுத்த கைகள் வறண்டன. அந்நிலையில் அவர்களுக்கு உதவவேண்டும் என்ற எண்ணம் அன்பர்கள் பலருக்கு எழுந்தது. ஆனால் சும்மா கொடுக்கும் பணத்தை அவர்கள் வாங்கமாட்டார்கள். அப்போது தேவஸ்தானத்தின் நிர்வாக அதிகாரியாக இருந்தவர் பி. வி. ஆர். கே. பிரசாத். அவர் காலத்தில் ஒரு வழி பிறந்தது. திருவேங்கடவன்மீது அம்மையார் பாடிய பாடல்களைத் தேவஸ்தானம் இசைத்தட்டுகளாக வெளியிடுவது என்று முடிவாயிற்று. அவ்வாறு 1980-ஐ ஒட்டி வந்தவைதாம் பாலாஜி பஞ்சரத்னமாலை என்னும் ஐந்து தொகுதிகள்.

அவற்றில் அன்னமாச்சாரியாரின் தெலுங்குப் பாடல்கள் முக்கிய இடம் பெற்றன. அவற்றின் வரலாறு ஒரு விந்தை. கடப்பை மாவட்டத்துத் தாள்ளபாக்கத்தில் 1408-ல் பிறந்து 1503-ல் மறைந்த அந்தக் கவிஞர் வேங்கடவன்மீது பாடிய கீர்த்தனங்கள் முப்பத்திரண்டாயிரம் என்பது மரபு. அவருடைய வழியினர் அவற்றைச் செப்பேடுகளில் பொறித்துத் திருமலைக் கோயிலுக்குள் ஓர் அறையில் வைத்தனர். காலம் செல்ல, அந்த அறையும் ஏடுகளும் மறக்கப்பட்டன. 1922-ல் அவை மீண்டும் வெளிப்பட்டன. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஏடுகள். எஞ்சியவை ஏறத்தாழப் பதினாலாயிரம் பாடல்கள். ஏடுகளில் ராகத்தின் பெயர் இருந்தது, மெட்டு இல்லை. சொல் இருந்தது, குரல் இல்லை. நம் காலத்து மொழியில் சொன்னால், அது ஒலிக்காத இசைத்தட்டு. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்ற அறிஞர்கள் அவற்றைப் பதிப்பித்து மெட்டும் அமைத்தனர். நேதுனூரி கிருஷ்ணமூர்த்தி மெட்டமைத்த பாடல்களும் அம்மையாரின் தொகுதிகளில் உண்டு.

அவற்றைப் பாடியபோது அம்மையாருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. அந்த வயதில், அத்துணைப் புகழோடு, புதிய பாடல்களைப் புதிதாகக் கற்பது எவ்வளவு அரிது! தெரிந்த பாட்டுகளையே திரும்பப் பாடிக் கொடுத்திருந்தாலும் யாரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். அவர் மாணவிபோல் உட்கார்ந்து, தெலுங்குச் சொற்களின் பொருளையும் ஒலியையும் கேட்டறிந்து பாடினார். ஆந்திர நாட்டில் அன்னமையாவின் பாடல்களைப் பட்டிதொட்டிகளுக்குக் கொண்டுசென்ற குரல்களில் அவருடையதும் ஒன்று. ஒரு முதிய தமிழ்ப் பெண்மணியின் துன்பக் காலமே தெலுங்கு மக்களுக்கு இந்தச் செல்வத்தைக் கொண்டுவந்தது என்று நினைக்கும்போது மனம் நெகிழ்கிறது.

இங்கே ஓர் ஐயத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். விடுதியில் நண்பர் ஒருவரோடு இதுபற்றி நெடுநேரம் வாதம் செய்தேன். சதாசிவம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்தார். எதைப் பாடுவது, யாருக்குக் கொடுப்பது என்பதும் அவருடைய தீர்மானமே. அந்த அம்மையாரின் பிறப்பையும் மரபையும் மறைத்து அவரை வேறொரு சமூகத்தின் திருவுருவமாக ஆக்கிவிட்டனர் என்பது நண்பரின் வாதம். அண்மைக்காலத்தில் இசை வல்லார் சிலரும் இவ்வாறு எழுதியிருக்கின்றனர். இதில் உண்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மதுரையில் அன்னையின் வீணையோடு பாடிய சிறுமியைப் பிற்காலத்தார் பெரும்பாலும் பேசவில்லை. அது குறைதான். ஆயினும் நால்வகை எழுத்தை நாவில் பழக்கியவர் வேறு யாரும் அல்லர். அறுபது வயதுக்கு மேல் மீண்டும் மாணவியானவரும் வேறு யாரும் அல்லர். கணவர் நாளைக் குறிக்கலாம், மேடையைக் குறிக்கலாம். சுருதியை அவர் பிடித்துத் தர முடியாது. அந்த உழைப்பு முழுவதும் அம்மையாருடையது. அவருடைய பெயருக்கு முன் இறுதிவரை நின்ற இரண்டு எழுத்துகளும் மதுரையையும் அன்னையையுமே குறித்தன.

1997-ல் சதாசிவம் காலமானார். அதன்பின் அம்மையார் மேடையேறிக் கச்சேரி செய்யவில்லை. 1998-ல் பாரத ரத்னா விருது வந்தது. இசைக் கலைஞர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் சென்னையில் இயற்கை எய்தினார். 2006-ல் திருப்பதி நகரில் பூர்ணகும்பம் சந்திப்பில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. மலைக்குச் செல்லும் நண்பர்கள் ஒரு நிமிடம் அங்கே நின்று பார்த்துச் செல்லவேண்டும். தெலுங்கு நாட்டார் தம் ஊரின் நடுவே ஒரு மதுரைப் பெண்ணை அமர்த்தியிருக்கிறார்கள்.

அம்மையாரின் தட்டு மறைந்ததா? இல்லை. வினைல் போய் ஒலிநாடா வந்தது. அதில் சுப்ரபாதம் மறுபடி வெளிவந்தது. ஒலிநாடா போய்க் குறுந்தகடு வந்தது; அதிலும் வந்தது. இன்று தட்டே இல்லாமல் கைப்பேசியில் வருகிறது. நம் நாட்டு விடியலைப் பாட்டால் நிறைத்தவர்களில் பெண்களே மிகுதி. சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம், எம். எல். வசந்தகுமாரியின் திருப்பாவை, ஆடி மாதத்து ஒலிபெருக்கிகளில் எல். ஆர். ஈசுவரியின் மாரியம்மன் பாடல்கள், கே. பி. சுந்தரம்பாளின் முருகன் பாடல்கள் என ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். ஒருவர் குரல் மற்றவர் குரலாகாது. சாத்திரிய இசை, திரையிசை, நாட்டுப்புறச் சாயல் என்ற வேலிகள் விடியற்காலை ஒலிபெருக்கியில் இருப்பதில்லை. பதிப்புகள் மாறினும் அவை திரும்பத் திரும்ப வெளிவந்துகொண்டே இருக்கின்றன. அறிஞர் குழு கூடி அவற்றைப் பாதுகாக்கவில்லை. டீக்கடைக்காரர்களும், கோயில் தர்மகர்த்தாக்களும், சமையற்கட்டில் நிற்கும் தாய்மார்களுமே பாதுகாத்தனர்.

சென்ற மார்கழியில் ஊருக்குப் போயிருந்தேன். மலையில் இப்போது திருப்பாவைதானே, நாமும் அதையே வைக்கலாம் என்று தந்தையாரிடம் சொன்னேன். வசந்தகுமாரி அம்மையாரின் குரல் இரண்டு நாள் எங்கள் கடையில் ஒலித்தது. மூன்றாம் நாள் லாரி ஓட்டும் தெலுங்கு அன்பர் ஒருவர், சுப்புலட்சுமியம்மா எங்கே, ஏன் பாடவில்லை என்று உரிமையோடு கேட்டார். தந்தையார் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வைக்கத் தொடங்கினார்.

நண்பர்களே, நாம் பலர் பிறந்த ஊரை விட்டுப் பிற மொழியாரிடையே வாழ்பவர்கள். படிப்பு முடிந்தபின் இன்னும் தொலைவில் வாழப்போகிறவர்கள். தமிழை மறந்துவிடுவோமோ என்ற அச்சம் ஒருபுறம். பிறர் மொழியில் தவறினால் சிரிப்பார்களே என்ற கூச்சம் மறுபுறம். மதுரைச் சண்முகவடிவின் மகள் நமக்கு ஒரு வழியைக் காட்டியிருக்கிறார். நம் எழுத்தை விடவேண்டாம். பிறர் எழுத்தைப் பிழையின்றிச் சொல்லப் பழகுவோம். எட்டாம் வகுப்பில் ஒரு நாள் தெலுங்குப் பாடத்தை எழுந்து நின்று உரக்கப் படித்தேன். யாரும் சிரிக்கவில்லை. அதற்கு முந்திய பல மாதங்கள், விடியற்காலையில் தந்தையாரின் கடையில் டம்ளர் கழுவிக்கொண்டே, சுப்ரபாதத்தின் ஒவ்வோர் எழுத்தையும் அம்மையாரோடு சேர்ந்து முணுமுணுத்திருந்தேன். எனக்கு வல்லெழுத்துச் சொல்லிக் கொடுத்த ஆசிரியர்கள் இருவர். ஒருவரை நேரில் கண்டு வணங்கினேன். மற்றவரைத் திருப்பதி போகும்போதெல்லாம் சிலையில் கண்டு வணங்குகிறேன்.